பிதா கூப்பிடுகிறார்

ஜூன் மாதத்து மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம் என்று ஒன்று வருகிறதல்லவா, அன்று ஆராதனையில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லி எங்கள் சபை ஐயர் என்னைப் பிடித்துவிட்டார். (லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். பூணூலைத் தேடாதீர்கள்.) தலைப்பு, அன்புள்ள தகப்பனாகிய கடவுள். “சபையில வேற தகப்பன்மாரே இல்லீங்களா ஐயா?” என்றேன். “அஞ்சு பேரக் கேட்டுட்டேன். அஞ்சு பேரும் அன்னைக்கு ஊர்ல இல்லியாம்” என்றார். இறைவன் ஆறாவதாகத்தான் என்னை அழைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு தலையாட்டினேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அதற்கென்று நேரம் ஒதுக்கிச் சிரித்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறப்பதற்காகக் காத்திருக்கும் மகன், “அப்பா, யாரப் பத்தின்னு சொன்னாங்க?” என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டான்.

எங்கள் வீட்டில் கடவுளைப் பற்றிப் பேசுவதில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் உண்டு. நான் ஆற்காடு லுத்தரன். டேனிஷ் மிஷன்காரர்கள் எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்து உழைத்ததன் பலன். மனைவி முகையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். இரவு ஜெபத்தில் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை நான் ‘பிதாவே’ என்று தொடங்குவேன், அவள் ‘தந்தையே’ என்று தொடங்குவாள். இரண்டு மொழிபெயர்ப்புக்கும் வரி நீளம் வேறு. ஒரே நேரத்தில் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிய இரண்டு தனியார் பஸ் மாதிரி ஒருவரையொருவர் முந்திக்கொண்டு போய் ஆமெனில் முட்டி நிற்போம். மகன் நடுவில் உட்கார்ந்து இரண்டுக்கும் பொதுவாக வாயை மட்டும் அசைப்பான்.

எனக்குப் பிதா என்றாலே என் அப்பாதான் முன்னால் வந்து நிற்பார். அவர் இந்த ஊரில் ஒரு அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. ஆலையில் நெல் மூட்டைக்கு எழுதிய கையோடு, வீட்டில் என் பேரிலும் ஒரு நீள நோட்டுப் போட்டிருந்தார். சிலேட்டு ஒன்று. மறு சிலேட்டு, அடைப்புக்குறிக்குள் ‘உடைத்தது’. டைபாய்டு, 86 ரூபாய். தேறாத கணக்குப் பரீட்சைக்கு டியூஷன், அதன் கீழே கோடு. கல்யாணத்தன்று கூட்டுத்தொகை போட்டு, மஞ்சள் தடவி, அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். 41,316 ரூபாய் 75 காசு. புது வீட்டுக்கு வந்த மனைவி முதலில் படித்த புத்தகம் அதுதான். “இத நான் கட்டணுங்களா?” என்று கேட்டாள். அவள் கேட்டது விளையாட்டுக்கா நிஜத்துக்கா என்று இன்றுவரை விசாரிக்கவில்லை.

அப்பாவின் நோட்டை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன்தான் நான். மகன் பிறந்த பிறகு கம்ப்யூட்டரில் எக்ஸெல் ஷீட் ஒன்று திறந்தேன். அவன் எங்கள் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியை எடுத்தால் அந்தப் பெட்ரோலும் எக்ஸெலில் ஏறும்.

ஆகவே பரலோகத்தைப் பற்றிய என் கற்பனையும் ஆலை ஆபீஸ் மாதிரிதான். தராசு, நீள நோட்டு, காதில் பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி. “வாடா. மறு சிலேட்டுக்கு என்ன பதில்?”

பேச்சுக்குப் படிக்க உட்கார்ந்தேன். விஷயம் இல்லாதவன் புள்ளிவிவரம் சேர்ப்பான் என்பதற்கு நானே சாட்சி. தந்தையர் தினம் 1910-ல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரத்தில் தொடங்கியது. தாயில்லாத ஆறு பிள்ளைகளை வளர்த்த ஒரு மனிதரின் மகள், கோயிலில் அன்னையர் தினப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாக்களுக்கு ஏன் ஒரு நாள் இல்லை என்று நினைத்தாராம். பிரசங்க நேரத்தில் நமக்கு வரும் யோசனையெல்லாம் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியது.

மனைவியும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் கட்டிய வீரமாமுனிவர், இயேசுவை வளர்த்த சூசையப்பரை ‘வளன்’ என்று நாயகனாக்கித் தேம்பாவணி பாடினார். 1726-ல் முடித்தது. 3615 பாட்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், நான்கு சுவிசேஷங்களில் எதிலும் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசியதாகக் கிடையாது. சொன்னதைக் கேட்டார், எழுந்தார், செய்தார். அவ்வளவுதான். “ஒண்ணுமே பேசாத அப்பாவுக்கு மூவாயிரத்துச் சொச்சம் பாட்டு. நீங்க யோசிச்சுக்கோங்க” என்றாள். யோசித்தேன். அன்று சாயங்காலம் முழுக்கப் பேசாமல் இருந்து பார்த்தேன். உடம்புக்கு முடியலையா என்று சுக்குக் காப்பி வந்தது.

‘அப்பா’ என்ற சொல்லில்தான் எனக்கு நிஜமான லாபம் கிடைத்தது. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள், இயேசு பேசிய ஓர் அரமேயச் சொல்லை மூன்றே இடத்தில் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மாற்குவில் ஒன்று, ரோமர் நிருபத்தில் ஒன்று, கலாத்தியரில் ஒன்று. அந்தச் சொல் ‘அப்பா’. உலகத்திலுள்ள மற்ற சபைகள் பலவும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்க, தமிழ்க் குழந்தை தாராளமாகப் படித்துவிட்டுப் போய்விடும். பக்கத்திலேயே பிதா என்ற சொல்லும் வரும். மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டே கைகூப்புகிற மாதிரி இருக்கும், இரண்டும் சேர்ந்து வரும்போது.

ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ், ‘அப்பா’ என்பது குழந்தைப் பேச்சில் பிறந்த நெருக்கமான சொல் என்றார். பிரசங்கிமார் அதைப் பிடித்துக்கொண்டு ‘டாடி’ என்று கடவுளைக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் 1988-ல் ஜேம்ஸ் பார் என்ற பேராசிரியர், இல்லை, இது டாடி இல்லை, வளர்ந்த பெரியவர்களும் தங்கள் தகப்பனை இப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று கட்டுரை எழுதி நிறுவினார். பாவம், எத்தனை ராத்திரி கண்விழித்தாரோ. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றிருந்தால், அறுபது வயதுக்காரர் எண்பது வயதுக்காரரிடம் “அப்பா, படி இருக்கு, பாத்து எறங்கு” என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம்.

கடைசியில் எல்லாப் பிரசங்கியும் போய்ச் சேருகிற இடத்துக்கே நானும் போய்ச் சேர்ந்தேன். லூக்கா பதினைந்தாம் அதிகாரம். எங்களுக்குக் கெட்ட குமாரன், மனைவிக்கு ஊதாரி மைந்தன். பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளையவன். எங்கள் ஊருக்கு இது புதுக்கதை இல்லை. 1993-ல் தென்னாற்காட்டிடம் பங்கு வாங்கிக்கொண்டு போனது விழுப்புரம். 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திடம் பங்கு வாங்கிக்கொண்டு வந்தோம் நாங்கள். இன்னும் யாரும் திரும்பிப் போகவில்லை.

கதையில் இளையவன் காசெல்லாம் கரைந்து பன்றி மேய்க்கிறான். பன்றி தின்பதைத் தானும் தின்ன ஆசைப்படுகிறான். என் வேதாகமத்தில் அது தவிடு. மனைவியின் திருவிவிலியத்தில் நெற்று. ஆலைக் கணக்குப்பிள்ளை மகன் தவிட்டை விட்டுக்கொடுப்பானா? வாதாடினேன். மூலத்தைப் பார்த்தால் அவள் பக்கம்தான் நியாயம். கரோப் என்ற மரத்தின் நெற்று அது. எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள், நம்மூர்ப் பன்றிக்கு எது தெரியுமோ அதை வைத்துவிட்டார்கள். அந்த நெற்றின் கிரேக்கப் பெயரிலிருந்துதான் தங்கத்தை அளக்கும் ‘காரட்’ வந்ததாம். பசித்தவனுக்கு ஒருவரும் கொடுக்காத பன்றித் தீனி இன்று நகைக்கடையில் 22 என்று முத்திரையாக நிற்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது மனைவி தன் காதைத் தடவிக்கொண்டு, “எனக்கு எப்ப வாங்கப் போறீங்க?” என்றாள். வேத ஆராய்ச்சியில் இந்த அபாயம் உண்டு.

திரும்பி வருகிற மகனைத் தூரத்தில் கண்டதும் தகப்பன் ஓடுகிறார். இந்த இடத்தில் பேனாவைக் கடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு செலவழித்தாய் என்று கேட்கவில்லை. அவன் பாடம் பண்ணிக்கொண்டு வந்த மன்னிப்பைக்கூட முழுசாகச் சொல்ல விடவில்லை. அந்த வீட்டில் கணக்கு வைத்திருந்த ஆள் ஒருத்தன்தான். வருஷம் வருஷமாக உழைக்கிறேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது உண்டா என்று வாசலில் நின்று முறைத்த மூத்தவன். தகப்பன் வேஷத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வேஷம் மாறிப்போனது புரிந்தது. நான் ஆட்டுக்குட்டிக்காரன்.

இது சனிக்கிழமை மத்தியானம். மூன்று மணிக்கு மனைவிக்குப் போன் வந்தது. நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிய மகன், எங்களுக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டு, கடுக்காய் விளைகிற கல்வராயன் மலைக்கே போயிருக்கிறான். கூட்டாளியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, என் எக்ஸெலில். பெரியார் நீர்வீழ்ச்சிக்கு மேலே பெட்ரோல் தீர்ந்து நிற்கிறார்களாம். “ஏங்க, போய்க் கூட்டிட்டு வாங்க. கத்தாதீங்க. நாளைக்கு அன்பப் பத்திப் பேசணும்” என்றாள்.

மச்சான் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்புக் கொல்லைகளைப் பார்த்துத் திட்டினேன். கோமுகி அணை தாண்டியதும் கொஞ்சம் காற்று வந்தது. பரிகம் தாண்டி மலை ஏற ஏற, இரண்டு வசனத்தை மாற்றி மாற்றிப் பாடம் பண்ணினேன். இடப்பக்க வளைவில் “அறிவிருக்காடா உனக்கு?” வலப்பக்க வளைவில் “வா மகனே.” அருவியில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. இதைப் பார்க்கவா ஒரு லிட்டர் பெட்ரோல் என்று மறுபடி இடப்பக்க வசனம் வந்தது.

சாலையிலிருந்து இறங்கும் சரிவில் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெரியவர் வீடு. திண்ணையில் இரண்டு பையன்களும் உட்கார்ந்து அவித்த மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். மகன் என்னைப் பார்த்து எழுந்து நின்றான். தூரத்தில் நிற்கும் மகன், பசி, புழுதி, எல்லாம் லூக்கா எழுதிய மாதிரியே. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பைக்கை நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடினேன்.

மகன் எதிர்த்திசையில் ஓடினான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வருஷத்தில் நான் எதற்காக அவனை நோக்கி ஓடி வருவேன் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் “வாடா மகனே!” என்று கத்தியது மூச்சிரைப்பில் “வாடா” வரைக்கும்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அவன் வேகம் கூடியது. பாதிச் சரிவில் என் செருப்பு வார் அறுந்து, மீதிச் சரிவை உட்கார்ந்தபடியே கடந்து, திண்ணைக்கு நேர் முன்னால் வந்து நின்றேன். கூட்டாளி கிழங்கோடு சிலையாகிவிட்டான்.

பெரியவர் சொம்புத் தண்ணீர் கொடுத்தார். “தம்பிக்கு அப்பாங்களா?” என்றார். ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மரத்துக்குப் பின்னால் எங்கோ இருந்தவனுக்குப் போன் போட்டேன். மலையில் எங்கும் கிடைக்காத சிக்னல் அந்த இடத்தில் பார்த்துக் கிடைத்தது. மணி திண்ணையில் அடித்தது. போனை விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். பெரியவர் அதை எடுத்து எட்டப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, காட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “தம்பீ! பிதான்னு யாரோ கூப்புடுறாங்க!”

கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்தான். என் பின்பக்கத்துச் செம்மண்ணைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். கிழங்குக்கு எவ்வளவு ஆயிற்று என்று பர்ஸை எடுத்தேன். பெரியவர் கையை மறித்தார். “பசிக்குதுன்னாங்க, குடுத்தேன். எம் பையனும் கேரளாவுல தோட்ட வேலைக்குத்தான் போயிருக்கான். அங்க யாராச்சும் குடுப்பாங்க.” என் கையில் பர்ஸ் திறந்தபடி இருந்தது. அதை எப்படி மூடுவது என்று தெரியாமல் நின்றேன்.

ஞாயிறன்று மூன்றே நிமிடத்தில் பேசி முடித்தேன். சரிவில் இறங்கிய விதம் வரைக்கும் சொன்னேன். ஐயர் தலையைக் குனிந்து குலுங்கினார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி பழக்க தோஷத்தில் எக்ஸெல் ஷீட்டைத் திறந்து, அவன் பேருக்குக் கீழே பெட்ரோல் என்று எழுதினேன். செருப்பு, 260 என்று எழுதினேன். தோளுக்குப் பின்னால் மகன் வந்து நின்று பார்த்தான்.

“கெழங்கு எழுதல?”

“அவருதான் காசு வாங்கலியே.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு விரலை நீட்டினான்.

“செருப்பு உங்க கணக்குப்பா. நீங்கதான ஓடுனீங்க?”