படுத்துப் பார்க்காத மெத்தை

கேள்வி: கடைக்குப் போகாமல், போனில் படத்தைப் பார்த்தே மெத்தை வாங்கலாமா?
(ஒரு வாசகி, போடிநாயக்கனூர்)

பதில்: கடையில் விற்பனையாளர் பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டு நிமிடம் மல்லாந்து படுத்தால் முதுகு என்ன சொல்லிவிடும்? ஆன்லைனில் 100 இரவு படுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும் வசதியும் சில நிறுவனங்களில் உண்டு. வந்து எடுத்துப்போவது யார், பணம் முழுதாகக் கிடைக்குமா என்பதை முன்பே படித்துவிடுங்கள். கட்டிலின் உள்ளளவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஃபோம் மெத்தை என்றால், மெத்தையின் உயரத்தைவிட ஃபோமின் அடர்த்தி முக்கியம்.

அது சரி, இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, 1966இல் அமெரிக்காவில் விமான இருக்கைக்காக உருவான மெமரி ஃபோமையா தேடுகிறீர்கள்? பஞ்சு மெத்தை கட்டிதட்டினால் வெயிலில் போடலாம்; பிரித்து உதறி மறுபடி தைக்கலாம். அமுங்கிப்போன ஃபோமுக்கு அந்த வழியே இல்லை.