ஆர்எக்ஸ் 100 விற்பனைக்கு

1996-இல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ விற்க வழிகள் பல. ஆன்லைனில் போட்டால் "லாஸ்ட் பிரைஸ் ப்ரோ?" என்று கேட்டவர்கள் காணாமல் போவார்கள். நேரில் வருபவர் ஒரு ரவுண்டு ஓட்டி, சைலன்சர் சத்தத்தில் சொக்கி, "எங்கப்பா வச்சிருந்த வண்டிண்ணே" என்று கண்கலங்கி, பாதி விலைக்குக் கேட்பார். ஆட்டோ கன்சல்டிங்காரர் கண்கலங்காமலே அதே பாதி விலைக்கு வருவார். டேங்கைத் தட்டி, "பெயின்ட் ஒரிஜினல் இல்லையே" என்பது மட்டும் கூடுதல். மெக்கானிக்கிடம் விடுவதே மேல். கார்புரேட்டர் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும், சொல்லவும் மாட்டார். யாருக்கு விற்றாலும் படிவம் 29, 30 கொடுத்து, ஆர்சியில் பெயரை மாற்ற வையுங்கள். அதுவரை ஹெல்மெட் அபராதம் உங்கள் போனுக்குத்தான் வரும்.