விரதமிருக்கும் கெண்டை

குஜிலியம்பாறையில் குடியிருந்துகொண்டு தூண்டில் வாங்கினேன் என்றால் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். சோளமும் முருங்கையும் விளைகிற மானாவாரி பூமி. எங்கள் குளங்களில் மீன் துள்ளுவதைவிட ஆடு மேய்வதுதான் அதிகம்.

இதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் கொடைக்கானல் ஏரியும் இருக்கிறது. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் உண்டாக்கியது. சுற்றிலும் நடைபாதை, வாடகை சைக்கிள், சுட்ட சோளக்கதிர். அங்கே போனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தோற்கலாம். பஸ் செலவை நினைத்து, வேடசந்தூர் பக்கம் அழகாபுரி குடகனாறு அணையிலேயே தோற்றுவிட்டு வருகிறேன். 1977 வெள்ளத்தில் உடைந்து, பிறகு சீரான அணை அது. பழனி மலைச்சரிவில் மழை பெய்தால்தான் ஆற்றில் தண்ணீர். ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

என்னிடம் இருப்பது ரீல் வைத்த ராடு. பக்கத்தில் உட்காருகிற பொடியனிடம் மூங்கில் குச்சி, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், தக்கைக்கு ரப்பர் செருப்பில் அறுத்த துண்டு. மண்புழு டப்பா இருவருக்கும் பொது, தோண்டியது அவன். அவன் தக்கை முங்கிக்கொண்டே இருக்கிறது, என் தக்கை வெயில் காய்கிறது. "மாமா, சும்மா சும்மா இழுத்துப் பாக்காதீங்க" என்பான். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இவ்வளவு பொறுமையான வாத்தியார் வாய்த்ததில்லை.

வீட்டிலோ மீனைக் கண்ணால் பார்க்காமல் மசாலா அரைப்பதில்லை என்பது சட்டம். நான் தூண்டிலை எடுக்கும்போதே ரசத்துக்குப் புளி ஊறத் தொடங்கிவிடும்.

என் மானத்தைக் காக்க வந்தது ஜிலேபிக் கெண்டைதான். ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறந்த இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கி, நம் ஊர்க் குளம் குட்டையெல்லாம் பட்டா போட்டுக்கொண்டது. தாய் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். பொரித்த குஞ்சுகளும் பயந்தால் வாய்க்குள்ளேதான் ஓடும். அத்தனை நாளும் தாய் சரியாக இரையெடுப்பதில்லை. இதைப் படித்ததும் வெறும் பையோடு நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குள் நுழைந்தேன்.

"அணையில எல்லாம் விரதத்துல இருக்கு."

"அப்ப அந்தப் பையன் பிடிச்சது?"

"அதெல்லாம் ஆம்பளை மீன்."

"பொண்டாட்டி புள்ளைகள வாயில வச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்கறப்ப அவரு என்ன பண்றாரு?"

உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். தரையில் ஒரு குழி பறித்து வைத்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வருவார்.

"கரையிலயும் ஒருத்தர் அப்படித்தான்" என்றாள்.

அடுத்த வாரம் கட்லாவைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். அது ஆற்று வெள்ளத்தில் முட்டையை விட்டுவிட்டு ஆணும் பெண்ணுமாகத் தன் வழியே போய்விடும். பேச்சு வளராது.