எஞ்சின் புரிந்தா வாங்கினோம்?

கேள்வி: கோடும் புள்ளியுமாக இழுத்துவிட்டு நவீன ஓவியம் என்கிறார்களே, வாங்குகிறவர்கள் புரிந்துதான் வாங்குகிறார்களா? (வாசகர், மறைமலை நகர்)

பதில்: உங்கள் ஊரில் ஃபோர்டு கார் செய்தார்களே, எஞ்சின் புரிந்தா ஜனங்கள் வாங்கினார்கள்?

ஓவியமும் அப்படித்தான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் மலையாளம் மாதிரி எழுத்து வரிவரியாக ஓடும். மலையாளிக்கே படிக்க வராது! அவர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய காலத்தில், ஓவியம் மட்டும் சோறு போடாததால் அங்கிருந்த ஓவியர்கள் பத்திக் துணி செய்து விற்றார்கள். இன்றும் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள அந்தக் கிராமத்தில் படங்கள் பார்க்கலாம், வாங்கலாம். பிடித்த படம் இரண்டாம் தடவை போய்ப் பார்க்கும்போதும் பிடித்தால் விலை கேளுங்கள். போகும்போது காலிச் சுவரை அளந்துகொண்டு போகாதீர்கள். அது டைல்ஸ் வாங்கும் முறை.