காட்டுக்குப் போக வழி கேட்டு ஒரு விண்ணப்பம்

மதிப்புக்குரிய நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறைக்கு,

1802-இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைக்குத் தெற்கே சங்கிலியைக் கிடத்தி ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தார். அங்கே தொடங்கிய அளவை இமயம்வரை போனது. அப்பேர்ப்பட்ட நாட்டில், மேலக்காட்டுக்காரர் வரப்பு எங்கே முடிகிறது என்பது மட்டும் இன்னும் ரகசியமாகவே இருக்கிறது. மண்ணாசையால்தான் பங்காளிகள் அடித்துக்கொள்கிறார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது தங்கள் துறையின் பங்களிப்பைக் குறைத்துச் சொல்வதாகும்.

புலப்படத்தையே பாருங்கள். 1:2000 அளவில் வரைந்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது காட்டில் இரண்டு மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனில் பென்சில் கோடு விழுந்தால் மூன்றடி மண் அதனடியில் மறைந்துவிடும். சண்டையோ ஓரடிக்கு. ‘படத்தை ஸ்கேல் வைத்தா அளக்கிறோம்? கோட்டின்மேல் அளவு எழுதியிருக்கிறதே’ என்பீர்கள். நியாயம்தான். அந்த அளவு புலக்கல்லிலிருந்து தொடங்குகிறது. கல் டிராக்டர் கலப்பையில் பெயர்ந்து, கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாகி வெகுநாளாயிற்று. கல்லைப் பராமரிப்பது நிலக்காரர் பொறுப்பு என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மை. வரப்பை அரையடி தள்ளிவைக்க ஆசைப்படுகிறவரையே எல்லைக்குக் காவல் வைத்த அந்தத் துணிச்சலை யாரும் பாராட்டாதது வருத்தமே.

பாதையின் கதை இன்னும் நேர்த்தி. புறம்போக்குப் பாதையாவது படத்தில் இருக்கும். பட்டாக் காட்டின் ஊடே போகிற பாதை பெரும்பாலும் கிரயப் பத்திரத்தில்தான் உயிர்வாழ்கிறது: ‘மாமூல் வண்டிப்பாதையில் ஆள், வண்டி, கால்நடை போய்வரும் பாத்தியம் உள்பட.’ எந்தப் பக்கம், எத்தனை அடி என்பதைத் தேட வேண்டாம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து, உட்பிரிவாகி, ஆளுக்கொரு பட்டா வரும். நடுத் துண்டுக்காரர் எந்த வழியாக உள்ளே போவார் என்பது எதிலும் ஏறாது.

அது சிவில் கோர்ட் விவகாரம் என்பீர்கள். அங்கே 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் காத்திருக்கிறது. இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையோடு நடந்திருந்தால் பாதை உண்டு. அனுமதி கேட்டு நடந்திருந்தால் எத்தனை ஆண்டானாலும் இல்லை. ஆக, ‘அதுக்கென்னங்க, போங்க’ என்று அன்றைக்கு ஒரு பெரியவர் சொன்னாரா இல்லையா என்பதில் வழக்கு நிற்கிறது. சொன்னவரும் கேட்டவரும் சுடுகாடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். விவரம் தெரிந்தவர் வம்பே வேண்டாமென்று பத்தொன்பதாம் ஆண்டிலேயே முள்வேலி போட்டுவிடுகிறார். இப்படி நல்ல மனசுக்காரரைத்தான் முதலில் கெடுக்கிறது இந்த ஏற்பாடு. புலப்படம் இணையத்திலேயே கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது; இல்லாத பாதையை இப்போது வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்.

கேட்பது ஒன்றுதான். உட்பிரிவு அளக்கிற அன்றைக்கு, பங்காளிகள் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே, பாதையையும் அகலத்தோடு அளந்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிப் படத்தில் ஏற்றிவிடுங்கள். உரிமையைத் தீர்மானிப்பது எங்கள் வேலையல்லவே என்று தயங்க வேண்டாம். பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டாது என்று நீதிமன்றங்கள் சொன்ன பிறகும் பட்டா கொடுப்பதை யாரும் நிறுத்திவிடவில்லை. கட்டணம் எதுவானாலும் செலுத்தத் தயார். அளக்க வரும் சர்வேயர் எவர் காட்டு வழியாக உள்ளே வருவார் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்தால், அந்தக் காட்டுக்காரரிடம் இப்போதே அனுமதி கேட்டு வைக்கலாம், எழுத்துமூலமாக.

இப்படிக்கு,
பாதையில்லாப் பட்டாதாரர் ஒருவர்