தொப்பைக்கு ஐஸ் வைக்கிறார்கள்

இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. அதன் பைகளில் ஃப்ரீசரில் வைத்து எடுத்த இரண்டு ஜெல் பாக்கெட். வெல்க்ரோவை இழுத்து ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சோபாவில் சாய்ந்து சீரியல் பார்த்தால் போதும். கொழுப்பு உறைந்து, செத்து, கரைந்து, சிறுநீரோடு வெளியே போய்விடுமாம். விலை 9,999 என்று போட்டு, அதைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பில் 1,499 என்று எழுதியிருக்கிறார்கள். சலுகை முடிய இன்னும் ஏழு நிமிடம் என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி ஏழு நிமிடத்திலிருந்து ஓடுகிறது. கொழுப்பு உறைகிறதோ இல்லையோ, அந்தக் கடையில் காலம் உறைந்துவிட்டது.

முழுப் பொய் என்றால் ஒரு வாரத்தில் சாயம் வெளுத்துவிடும். இதில் ஒரு சொட்டு உண்மை கலந்திருக்கிறது, அதுதான் தொல்லை. 1970இல் அமெரிக்காவில் இரண்டு மருத்துவர்கள், குச்சி ஐஸ் சப்பிய ஒரு குழந்தையின் கன்னம் சிவந்து தடித்துப்போனதை எழுதிவைத்தார்கள். மேலே தோல் தப்பித்துக்கொண்டது; அடியில் இருந்த கொழுப்பு மட்டும் குளிரில் அடிபட்டிருந்தது. தண்ணீர் உறைவதற்கு வெகு முன்பே கொழுப்பு உறைந்துவிடும் என்பது, மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற எவருக்கும் தெரியும். பாஸ்டனில் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் குழுவினர் பன்றிகளின் மேல் இதைச் சோதித்து 2008இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2010இல் ‘கூல்ஸ்கல்ப்டிங்’ என்ற கருவிக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. எதற்கு? இடுப்பின் இரு பக்கமும் பிதுங்கும் மடிப்புக்கு. அவ்வளவுதான். எடை குறைக்க என்று அந்தக் கருவியைச் செய்தவர்களே சொல்லவில்லை.

அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சதை மடிப்பை உறிஞ்சி இழுத்துக் குளிர்த்தகடுகளுக்கு நடுவே பிடித்துக்கொள்கிறது. உறிஞ்சுவதில் காரியம் இருக்கிறது. மடிப்புக்குள் ரத்த ஓட்டம் குறைய வேண்டும். ஏனென்றால் 37 டிகிரிச் சூட்டோடு ஓடிவரும் ரத்தம், குளிரை உள்ளே நுழைய விடாது. தோல் கருகிவிடாமல் நடுவே ஒரு ஜெல் துணி. வெப்பநிலையை ஓயாமல் கவனிக்கும் உணரிகள். முன்னதாக உட்காரவைத்துக் கேள்விகள்: குளிர்பட்டால் தோல் தடிக்குமா, ரத்தத்தில் குளிரைத் தாங்காத புரதக் கோளாறு உண்டா, உணர்வு மரத்துப்போன இடம் எதுவும் இருக்கிறதா? இத்தனைக்கும் பிறகு, பிடித்த அந்த ஒரு மடிப்பில் கொழுப்புப் படலம் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ குறையும். அதுவும் இரண்டு மூன்று மாதம் காத்திருந்தால். எடைக்கருவியின் முள் அசையாது.

நம் வீட்டுப் பட்டைக்கு உறிஞ்சலும் இல்லை, உணரியும் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை. ரத்தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் வயிற்றின் மேல் ஐஸைக் கட்டினால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். பாக்கெட் இளகி, நனைந்த துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இல்லையென்றால், இன்னும் இறுக்கமாக, இன்னும் அதிக நேரம் என்று பிடிவாதம் பிடித்தீர்களானால், கொழுப்புக்குப் போகிற வழியில் குளிர் முதலில் தோலைத் தின்றுவிடும். அதற்குப் பனிக்கடி என்று பெயர். சியாச்சினில் காவல் நிற்கும் சிப்பாய்க்கு வருவது. இப்போது கேஷ் ஆன் டெலிவரியில் கொளத்தூருக்கும் வருகிறது.

‘குளிரில் உடம்பு சூடேற்றிக்கொள்ளும், அதில் கலோரி எரியும்’ என்று அடுத்த சரடு. சரி, கணக்குப் போடுவோம். அரைக் கிலோ ஐஸ், ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலிருந்து உருகி, உடம்புச் சூட்டுக்கு வந்து சேர ஏறக்குறைய 63 கிலோகலோரி வேண்டும். அத்தனையையும் உங்கள் தொப்பையே கொடுத்தது, மேலே சுழலும் ஃபேன் காற்று ஒரு துளியும் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், மொத்த வரவு ஒரு இட்லி. சட்னிக்குத் தனிக் கணக்கு. ஒரு கிலோ உடல்கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கிலோகலோரி. ஆக, 122 தடவை நடுங்கினால் ஒரு கிலோ. விளம்பரத்தில் ஏழு நாளில் ஐந்து கிலோ. அந்த ஐந்து கிலோவைச் சிறுநீரில் வேறு அனுப்புகிறார்கள்! எரிந்த கொழுப்பில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, மிச்சம்தான் தண்ணீராகிறது. பள்ளிக்கூட வேதியியல் இது. ஆனால் ‘மூச்சு விட்டால் கொழுப்பு போகும்’ என்று சொன்னால் எதைப் பெட்டியில் போட்டு விற்பது?

அசல் கருவியே எல்லோருக்கும் நல்லதைச் செய்துவிடவில்லை. லிண்டா எவாஞ்சலிஸ்டா என்றொரு மாடல். நாளைக்குப் பத்தாயிரம் டாலருக்குக் குறைந்தால் படுக்கையை விட்டே எழமாட்டோம் என்று 1990இல் சொல்லி உலகத்தின் வாயில் விழுந்தவர். கூல்ஸ்கல்ப்டிங் செய்துகொண்ட இடங்களில் கொழுப்பு குறைவதற்குப் பதிலாகக் கெட்டியாகப் பெருத்துவிட்டது என்று 2021இல் வெளியே வந்து சொன்னார். ஐந்து கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசம் ஆனது. மருத்துவ இதழ்களில் இந்த விபரீதம் 2014இலேயே பதிவாகிவிட்டது. அபூர்வம்தான், ஆனால் உண்டு. அவருக்கு வக்கீல் இருந்தார், வழக்குப் போடக் கம்பெனியின் பெயரும் முகவரியும் இருந்தன. நம் பட்டையின் பெட்டியில் என்ன இருக்கிறது? எழுத்துப்பிழையோடு ஒரு ஆங்கிலத் தாள், எடுத்தால் பிஸியாகவே இருக்கும் ஒரு நம்பர்.

இது ஒன்றும் புதுச்சரக்கில்லை. வயிற்றில் ஒட்டினால் மின்சாரம் கிள்ளிக் கிள்ளி சிக்ஸ் பேக் வரவைக்கும் என்று விற்ற மூன்று பெல்ட் கம்பெனிகள் மேல் அமெரிக்காவின் வணிக ஆணையம் 2002இலேயே வழக்குப் போட்டது. அங்கே துரத்தியது இங்கே நள்ளிரவு டெலிஷாப்பிங்கில் வந்து குந்திக்கொண்டது. உதடு இந்தியில் அசையும், குரல் தமிழில் வரும், கண்ணீர் மட்டும் எல்லா மொழிக்கும் பொது. பிறகு வியர்க்கவைக்கும் சானா பெல்ட். வியர்வை போனால் எடை குறையத்தான் செய்யும். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் வட்டியோடு திரும்பிவிடும். பிறகு ஆட்டுகிற பெல்ட், பிறகு காலை டீ, பிறகு இரவுப் பொடி. சூடு போட்டுப் பார்த்தார்கள், ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள், ஆட்டிப் பார்த்தார்கள். மிச்சம் இருந்தது குளிர் ஒன்றுதான். உண்மையிலேயே எடையைக் குறைத்த குறுக்குவழியும் ஒன்று இருந்தது. டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனத்தை 1933 முதல் அமெரிக்காவில் மெலிவு மாத்திரையாக விழுங்கினார்கள். மெலிந்தார்கள். கண்ணில் புரை விழுந்தது. சிலர் உடம்பு அடுப்பாய்க் கொதித்துச் செத்தார்கள். 1938இல் அதற்கு முடிவு கட்டினார்கள்.

ஏமாற்றுகிறவனைப் பேசுவதற்கு முன், அவனுக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற நம்மைப் பற்றிப் பேச வேண்டும். கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனம், கற்கண்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறோம். ‘என்னம்மா, நல்லாப் பூசிட்டியே!’ ‘ஆபரேஷன் டெலிவரியா, அதான் வயிறு இறங்கவே இல்ல.’ ‘தம்பி, எத்தனாவது மாசம்?’ இதையெல்லாம் அக்கறை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பெண் வீட்டுக்குப் போகிறாள். இரவு இரண்டு மணிக்குக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபடி போனைத் தள்ளுகிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததும், அவள் தூங்காததும், அவள் எதைத் தேடினாள் என்பதும் அந்தப் போனுக்குத் தெரியும். வந்து விழுகிறது விளம்பரம். இடப்பக்கப் படத்தில் தோளைத் தொங்கப்போட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மங்கல் வெளிச்சத்தில் அழுமூஞ்சியாக ஒருத்தி. வலப்பக்கத்தில் அவளே மூச்சை எக்கி, ஒருக்களித்து, லிப்ஸ்டிக் போட்டுச் சிரிக்கிறாள். நடுவில் கழிந்தது 21 நாள் என்று போட்டிருக்கும்; 21 நிமிடம் என்றால் நம்பலாம்.

சிசேரியன் தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் தோல் மரத்துப்போய் இருக்கும். அந்த இடத்தில்தான் இந்த ஐஸைக் கட்டச் சொல்கிறார்கள். சுட்டாலும் குளிர்ந்தாலும் அவளுக்கு உறைக்காது. கொப்புளம் கண்ணில் பட்டால்தான் தெரியும். பல வருடச் சர்க்கரைநோயில் உணர்வு குறைந்தவர்களுக்கும் இதே கதி. இதை விற்கிறவனுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்துகொள்ள அவன் விரும்பவில்லை, அவ்வளவுதான். பட்டையை அணிந்து ரீல்ஸ் போடும் அழகுத் தங்கைக்கோ தெரியாது. ‘காய்ஸ், நானே யூஸ் பண்றேன்’ என்கிறாள். அவள் இடுப்பு பட்டையைக் காண்பதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது. உதவாக்கரைச் சரக்குக்கு இருபத்திரண்டு வயது வயிற்றைச் சாட்சி வைக்கிறார்கள். எங்கள் மேல் தப்பில்லை என்று காட்ட, கீழே எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி: ‘முறையான உணவும் உடற்பயிற்சியும் சேர்ந்தால் மட்டுமே பலன்.’ முறையாகச் சாப்பிட்டு உடற்பயிற்சியும் செய்தால் இடுப்பில் செங்கல்லைக் கட்டிக்கொண்டாலும் பலன் தெரியுமே, ஐயா!

உடம்பு கூடியிருப்பது கற்பனை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் அளவுக்கு மீறிய எடை. நாலைந்து வருடம் முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9, 28.2 ஆக இருந்தது. பத்துக்கு நாலு பெண்கள் ஒன்றாகச் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று சொல்கிறவர்களின் வாயை அந்தப் பட்டையால்தான் கட்ட வேண்டும். ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். காய்கறிக்கு அப்படியொரு கார்டு இல்லை. டாக்டர் நடக்கச் சொல்கிறார். எங்கே? நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் பைக், பைக்குக்குப் பக்கத்தில் பஜ்ஜிக் கடை. விடியலில் சமையல், பகலில் பில் கவுண்டரில் நாற்காலி, இரவில் பாத்திரம் என்று ஓடுகிறவளுக்கு யோகா வகுப்பு எந்த நேரத்தில்? இதில் எதையும் மாற்ற யாருக்கும் நேரமில்லை. அவளிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்று ஒருவன் சொன்னால், அந்த ‘உட்கார்ந்தால்’ என்ற வாக்குறுதிக்கே அவள் 1,499 கொடுப்பாள். அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் இல்லையா? எழுபது வருடமாக இருக்கிறது. மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டம், 1954. இன்னின்ன நோய்களைக் குணமாக்குகிறோம் என்று விளம்பரமே செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல். அதில் 54 இனங்கள். நரம்புத் தளர்ச்சிக்கும் பக்கவாதத்துக்கும் நடுவே 38ஆவதாக உடல்பருமன் உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை மட்டும்தான் மருந்து என்று தப்பிக்க முடியாது. உடம்பின் அமைப்பை மாற்றுவதற்கான எந்தப் பொருளும் உணவு நீங்கலாக மருந்துதான் என்று விளக்கமும் எழுதிவைத்திருக்கிறார்கள். தாயத்துகூட அந்தச் சட்டத்தில் வருகிறது. ஐஸ் தாயத்து வராதா? போதாததற்கு 2019 நுகர்வோர் சட்டம்: பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை, விளம்பரத்தில் பரிந்துரைக்கும் முகத்துக்கும் அதில் பங்கு உண்டு. இத்தனை ஆயுதங்களையும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். பெட்டியின் மேல் ‘மசாஜர்’ என்று எழுதி, விளம்பரத்தில் ‘கொழுப்பை உறையவைக்கும்’ என்று கத்தினால், அதிகாரி பெட்டியை மட்டும் படிப்பார். வாங்குகிறவர் விளம்பரத்தை மட்டும் பார்ப்பார். அந்தச் சந்தில் ஒரு தொழிலே செழிக்கிறது.

1954ஆம் வருடச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஒரே ஒருவனையாவது, ஒரே ஒரு முறையாவது, புழலுக்கு அனுப்பிப் பார்க்கலாம். எனக்கு ஒரே பயம்தான். உள்ளே அளவுச் சாப்பாடு, விடிந்தால் எழுந்து வேலை, இரவில் சீக்கிரம் விளக்கணைப்பு. ஆறு மாதத்தில் ஆள் எட்டுக் கிலோ இளைத்து வெளியே வருவான். சிறைக் கதவுக்கு முன்னால் நின்று ஒரு படம், உள்ளே போகும்போது எடுத்த படம் இடப்பக்கம். கீழே அதே பட்டை, அதே கடிகாரம், இன்னும் ஏழு நிமிடம்தான்.