‘ப்ளீஸ்’ போட்டால் பணிவாகிவிடுமா?

ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்பதும் யோசனை சொல்வதும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: மேலாளருக்கு ‘ப்ளீஸ் சென்ட் மீ த ஃபைல் டுடே’ என்று மெயில் போட்டேன். ‘எனக்கே ஆர்டரா?’ என்று கேட்டுவிட்டார். ‘ப்ளீஸ்’ போட்டும் ஏன் இந்தப் பொல்லாப்பு? (கணக்காளர், ஈரோடு)

பதில்: ‘சென்ட்’ என்பது ஏவல்வினை. அதன் முன்னால் ‘ப்ளீஸ்’ வைத்தால் பணிவான கட்டளை ஆகுமே தவிர, வேண்டுகோள் ஆகாது. ‘குட் யூ ப்ளீஸ் சென்ட் மீ த ஃபைல் டுடே?’ என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் கேள்வியாகிவிட்டது. கேள்வி என்றால் ‘முடியாது’ என்று சொல்லவும் எதிராளிக்கு இடம் கிடைக்கிறது. அந்த இடத்தை விட்டுவைப்பதுதான் ஆங்கிலத்தில் மரியாதை. அதற்கு உதவ அந்த மொழியில் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது: கேன், குட், வில், வுட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட். இவற்றை மோடல் வினைகள் என்பார்கள்.

தமிழில் இதே வேலையை நாள் முழுக்கச் செய்கிறோம். ‘அந்த ஃபைலைக் கொஞ்சம் அனுப்ப முடியுங்களா சார்?’ என்பதில் ‘கொஞ்சம்’ இருக்கிறது, ‘முடியுமா’ இருக்கிறது, நடுவில் ஒரு ‘ங்க’வும் இருக்கிறது. ஈரோட்டுக்காரருக்கு ‘ங்க’ போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ‘கம் இன்’, ‘சிட் டவுன்’, ‘ஈட்’ என்று சொல்வதும் தப்பா? (இல்லத்தரசி, மதுரை)

பதில்: தப்பே இல்லை, அதுதான் உபசாரம். ஜெஃப்ரி லீச் என்ற ஆங்கில மொழியியலாளர் 1983-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்: சொன்ன காரியத்தால் யாருக்கு லாபம், யாருக்குச் சிரமம் என்று பாருங்கள். எதிராளிக்கு லாபம் என்றால் கட்டளையே மரியாதை. அவருக்குச் சிரமம் என்றால் சுற்றி வளைத்துக் கேட்பது மரியாதை. ‘ஹேவ் அனதர் இட்லி’ என்றால் விருந்தாளி மகிழ்வார். ‘வுட் யூ பி ஏபிள் டு ஈட் அனதர் இட்லி?’ என்று கேட்டால், மாவு தீர்ந்துவிட்டதோ என்று கையை இழுத்துக்கொள்வார். மற்ற இடங்களில் அதட்டலாக ஒலிக்கும் ‘மஸ்ட்’கூடப் பந்தியில் இனிக்கும்: ‘யூ மஸ்ட் ட்ரை திஸ் பாயசம்!’ தாராளமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘குட்’ என்பது ‘கேன்’ என்பதன் கடந்தகாலம் என்று படித்தேன். நாளைக்குச் செய்யவேண்டிய உதவிக்கு எதற்குக் கடந்தகாலம்? (பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்)

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். குட், வுட், ஷுட், மைட் நான்கும் பிறப்பால் கேன், வில், ஷல், மே ஆகியவற்றின் கடந்தகால வடிவங்களே. காலத்தால் விலகி நிற்கும் அந்த வடிவத்தை, ஆளுக்கு ஆள் விலகி நிற்கவும் ஆங்கிலம் பயன்படுத்திக்கொண்டது. ‘கேன் யூ ஹெல்ப் மீ?’ நேரே எதிரில் வந்து நிற்கிறது. ‘குட் யூ ஹெல்ப் மீ?’ ஓரடி தள்ளி நின்று கேட்கிறது. இதே காரணத்தால்தான், இப்போது கேட்க வந்தவரும் ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’ என்று கடந்தகாலத்தில் தொடங்குகிறார்.

இன்னொரு செய்தியும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் ‘குட்’ என்ற சொல்லில் ‘எல்’ என்ற எழுத்தே கிடையாது. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டிலும் இருக்கிறதே என்று பிற்காலத்தில் இதிலும் சேர்த்துவிட்டார்கள். அது வாயில் வராது. பரீட்சையில் விட்டால் மதிப்பெண் போகும்!

கேள்வி: ‘குட் யூ ஹெல்ப் மீ?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ குட்’ என்றுதானே பதில் சொல்ல வேண்டும்? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. ‘யெஸ், ஐ கேன்’, ‘ஷ்யூர்’, ‘ஆஃப் கோர்ஸ்’ என்பனவே பதில். ‘ஐ குட்’ என்றால் ‘செய்யலாம்தான், ஆனால்…’ என்று இழுப்பதுபோல் ஆகிவிடும். கேட்பவர் தள்ளி நிற்கலாம். கொடுப்பவர் நெருங்கி வர வேண்டும்.

கேள்வி: பள்ளியில் ‘மே ஐ கம் இன் சார்?’ என்று பழகிய நாக்கு. இப்போது அலுவலகத்தில் ‘மே யூ ஹெல்ப் மீ?’ என்று கேட்டால் சிரிக்கிறார்கள். (புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், சேலம்)

பதில்: ‘மே’ வைத்து அனுமதி கேட்கலாம், உதவி கேட்க முடியாது. ‘மே ஐ’, ‘மே வீ’ சரி. நான் செய்யப்போவதற்கு உங்கள் சம்மதத்தைக் கேட்கிறேன். ‘மே யூ’ என்று தொடங்கினால் ஆங்கிலத்தில் அது வாழ்த்து: ‘மே யூ லிவ் லாங்!’ உதவி கேட்கப் போன இடத்தில் தீர்க்காயுசு சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். வாழ்த்து வீண்போகாது, வேலை நடக்க மட்டும் ‘குட் யூ’ அல்லது ‘வுட் யூ’ என்று கேளுங்கள். இன்னொன்று: அலுவலகக் கதவில் நின்று ‘மே ஐ’தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ‘கேன் ஐ கம் இன்?’ என்பதே இன்று பரவலான வழக்கு.

கேள்வி: ரயிலில் ஒரு வெளிநாட்டுக்காரர் ‘வுட் யூ மைண்ட் மூவிங் எ லிட்டில்?’ என்றார். நானும் முகமலர்ச்சியோடு ‘யெஸ், யெஸ்’ என்று நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் ஏன் திகைத்துப் போனார்? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விழுப்புரம்)

பதில்: ஐயா, உங்கள் வாய் மறுத்தது, உடம்பு சம்மதித்தது. அவர் எதை நம்புவார்? ‘மைண்ட்’ என்றால் இங்கே ஆட்சேபித்தல். ‘நகர்ந்து உட்கார்வதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்று கேட்டவருக்கு ‘உண்டு, உண்டு’ என்றிருக்கிறீர்கள். ‘நோ, நாட் அட் ஆல்’ என்பதே சம்மதம். அவசரத்தில் குழப்பம் வந்தால் ‘ஷ்யூர்’ என்று சொல்லி நகர்ந்துவிடலாம், ஆங்கிலேயர்களும் அப்படிச் சொல்கிறார்கள். இதைக் கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. அவர் நகர வேண்டுமானால் ‘வுட் யூ மைண்ட் மூவிங்?’; ஜன்னலை நீங்கள் திறக்க வேண்டுமானால் ‘வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட் த விண்டோ?’ இங்கேயும் அதே விலகி நிற்கும் கடந்தகாலம், கவனித்தீர்களா?

கேள்வி: காய்ச்சலோடு வந்த மேலதிகாரியிடம் அக்கறையாக ‘சார், யூ ஹேட் பெட்டர் டேக் ரெஸ்ட்’ என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. (வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: ‘பெட்டர்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள். ‘யூ ஹேட் பெட்டர்’ என்பதில் எச்சரிக்கை இருக்கிறது: ‘ஓய்வெடுத்துக்கொள், இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா!’ அம்மா பிள்ளையிடம் சொல்லலாம், கிளை மேலாளரிடம் ஆகாது. யோசனை சொல்லும் வாக்கியங்களை மென்மையிலிருந்து வன்மைக்கு வரிசைப்படுத்தினால் இப்படி வரும்: ‘யூ மைட் வான்ட் டு…’, ‘யூ குட்…’, ‘யூ ஷுட்…’, ‘யூ ஹேட் பெட்டர்…’, ‘யூ மஸ்ட்…’. மேலதிகாரிக்கு முதல் இரண்டும் போதும்.

அதே மேலதிகாரி உங்கள் அறிக்கையைப் பார்த்து ‘யூ மைட் வான்ட் டு லுக் அட் திஸ் அகெய்ன்’ என்றால், ‘விருப்பம் இருந்தால் பார்’ என்று எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். மேலிருந்து வரும் ‘மைட்’ மென்மையான உடையில் வரும் உத்தரவு. முதலில் அறிக்கையைத் திருத்துங்கள்.

கேள்வி: எங்கள் மென்பொருள் ஆவணங்களில் மஸ்ட், ஷுட், மே என்பவற்றைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதுவும் மரியாதைக்கா? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

பதில்: அங்கே மரியாதைக்கு வேலை இல்லை, துல்லியத்துக்குத்தான் வேலை. 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 என்ற இணைய ஆவணம் இந்தச் சொற்களுக்கு எல்லை கட்டியது. மஸ்ட் என்றால் செய்தே தீர வேண்டும். ஷுட் என்றால், தக்க காரணம் இருந்து விளைவையும் யோசித்துவிட்டால் மட்டுமே விலகலாம். மே என்றால் உங்கள் விருப்பம். சட்டத்திலும் இப்படித்தான். நம் அரசியலமைப்பைப் புரட்டினால் கட்டாயத்துக்கு ‘ஷல்’ வரும், அதிகாரமோ விருப்பமோ தரும் இடத்தில் பெரும்பாலும் ‘மே’ வரும். அலுவலகத்தில் அன்பாகப் பேசும் அதே சொற்கள் ஆவணத்தில் சட்டமாக நிற்கின்றன. எங்கே நிற்கிறோம் என்று பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: ‘சஜஸ்ட் மீ எ புக்’, ‘ஐ சஜஸ்ட் யூ டு ரீட் திஸ்’ இரண்டும் தவறு என்கிறார் என் மகள். பிறகு எப்படித்தான் யோசனை கேட்பது? (புத்தகக் கடைக்காரர், கோவை)

பதில்: மகள் சொல்வது சரி. ‘குட் யூ சஜஸ்ட் எ புக்?’ என்று கேளுங்கள். ‘ஐ சஜஸ்ட் யூ ரீட் திஸ்’ என்று சொல்லுங்கள். ‘மீ’யும் ‘டு’வும் அங்கே உதவாத விருந்தாளிகள். சேர்ந்து செய்யும் யோசனைக்கு ‘ஷல் வீ’ இருக்கிறது, நம் ‘-லாமா’ அச்சாக அதுவே: ‘ஷல் வீ கோ?’, ‘போகலாமா?’. ‘ஷல் ஐ’ என்பது ‘-அட்டுமா’: ‘ஷல் ஐ மேக் காபி?’, ‘காபி போடட்டுமா?’. அமெரிக்கர்கள் இந்த ‘ஷல்’லை அதிகம் தொடமாட்டார்கள், ‘ஷுட் ஐ’ என்பார்கள். காபி என்னவோ இரண்டிலும் வந்து சேரும்.

கேள்வி: ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடித்தால் எல்லாம் அடங்கிவிடாதா? (அரசு அலுவலக உதவியாளர், திருவண்ணாமலை)

பதில்: எல்லாம் அடங்கும், என்ன செய்ய வேண்டும் என்பதைத் தவிர. ‘குட் யூ ப்ளீஸ் அப்ரூவ் த லீவ் பை ஃப்ரைடே?’ என்று வேலையையும் நாளையும் சொல்லிக் கேளுங்கள். படிப்பவருடைய நேரத்தை மிச்சப்படுத்துவதும் மரியாதைதான்.

கேள்வி: என் தங்கையிடம் ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் பாசிப்ளி லெண்ட் மீ யுவர் சார்ஜர்’ என்று மெசேஜ் போட்டேன். ‘என்மேல் ஏதாவது கோபமா அண்ணா?’ என்கிறாள். (பயிற்சி மாணவர், புதுச்சேரி)

பதில்: நியாயமான கேள்விதான் கேட்டிருக்கிறாள். பெனலபி பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் என்ற இருவர் பணிவைப் பற்றி எழுதி 1987-இல் நூலாக வந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. எவ்வளவு பணிவு வேண்டும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன என்றார்கள்: இருவருக்கும் இடையே பழக்கம் எவ்வளவு, அதிகாரம் யார் பக்கம், கேட்கும் உதவி எவ்வளவு பெரியது. தங்கை, சமமான வீடு, சார்ஜர். பழக்கம் அதிகம், அதிகார வித்தியாசம் இல்லை, உதவியும் சின்னது. அங்கே இத்தனை நீள வாக்கியம் போட்டால் பாசத்துக்குக் கதவு சாத்தியதுபோல் ஆகிவிடுகிறது. ‘கேன் ஐ பாரோ யுவர் சார்ஜர்?’ போதும்.

அந்த ஆய்வு மூன்று மொழிகளை ஆதாரமாகக் கொண்டது. ஒன்று ஆங்கிலம், ஒன்று மெக்சிகோவின் செல்டால், மூன்றாவது கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். பணிவு என்றால் என்ன என்று உலகம் யோசித்தபோது நம் கிராமத்துப் பேச்சும் சாட்சி சொன்னது.

கேள்வி: மருத்துவர் தவறான அளவில் மருந்து எழுதினால், ‘குட் யூ ப்ளீஸ் செக்?’ என்று கேட்பதா, தடுப்பதா? (செவிலியர், வேலூர்)

பதில்: தடுங்கள். உயிர் இருக்கும் இடத்தில் சுற்றி வளைக்காதீர்கள். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன ஏவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானிலேயே காத்திருக்க வைக்கப்பட்டு, எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விமானிகள் முன்னுரிமை கேட்டார்கள், எரிபொருள் குறைகிறது என்றும் சொன்னார்கள். ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை மட்டும் தரைக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் போயிருந்தால் பாதை திறந்திருக்கும்.

விமானத் துறை கற்ற இந்தப் பாடம் மருத்துவமனைக்கும் வந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் ஊழியர்களுக்கு மூன்று படிகள் சொல்லித்தருகிறார்கள்: ‘ஐயாம் கன்சர்ன்ட்’, கேட்காவிட்டால் ‘ஐயாம் அன்கம்ஃபர்டபிள்’, அதற்கும் கேட்காவிட்டால் ‘திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ’. மூன்றிலும் ஒரு மோடல் வினைகூட இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், சக செவிலியர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: இத்தனையும் படித்தாயிற்று. எங்கிருந்து தொடங்குவது? (பலருடைய கேள்வி)

பதில்: நீங்கள் கடைசியாக அனுப்பிய சில மெயில்களைத் திறந்து, வினைச்சொல்லில் தொடங்கும் வாக்கியங்களைத் தேடுங்கள். அந்தக் காரியத்தால் சிரமம் படிப்பவருக்கு என்றால் முன்னால் ‘குட் யூ’ சேர்த்து, முடிவில் கேள்விக்குறி போடுங்கள். பாதி வேலை முடிந்தது.

மறுபாதி யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதில் இருக்கிறது. மேலே போகும் மெயிலில் ‘குட் யூ’ எல்லோருக்கும் எளிதாக வரும். உங்களுக்குக் கீழே வேலை செய்பவருக்கு, காவலாளிக்கு, கூரியர் கொண்டுவரும் தம்பிக்கு அது வருகிறதா? ‘முடியாது’ என்று சொல்ல அவர்களுக்குத் தைரியம் குறைவு. ஆகவே அந்த இடத்தை நாம்தான் முந்திக்கொண்டு தர வேண்டும். மேலதிகாரியிடம் காட்டும் அதே பணிவை அவர்களிடமும் காட்டுங்கள். ஆங்கிலத்திலும் காட்டுங்கள், தமிழிலும் காட்டுங்கள்.